அழித்த எண்

திங்கட்கிழமை காலையில் பத்து வாட்சும் குப்புறக் கிடந்தன.

பல் டாக்டருக்கு முதலில் கோபம்தான் வந்தது. வீட்டின் முன்னறைதான் அவருடைய கிளினிக். நோயாளி சாயும் நாற்காலிக்கு எதிரே, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியில், பச்சை வெல்வெட்டின் மேல், பத்து ராணுவ வாட்சுகளை வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் எந்தக் காலத்திலோ எந்தெந்தச் சண்டைக்கோ போய்த் திரும்பியவை. கறுத்த டயல், தடித்த எண்கள், ஒரு காலத்தில் இருட்டில் ஒளிர்ந்து இப்போது பழுப்பேறிப்போன முட்கள். தினமும் முதல் நோயாளி வருவதற்குள் ஒவ்வொன்றையும் எடுத்துச் சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, டயல் மேலே தெரிய வைப்பார். என்னை ஒரு நாளாவது இப்படி விசாரித்ததுண்டா என்பது மனைவியின் பழைய புகார். அந்தப் பத்தும் இப்போது முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

"நர்சம்மா, பெட்டியத் தொட்டீங்களா?"

பதினோரு வருஷமாக அவரிடம் வேலை பார்க்கும் நர்சம்மா, கையில் இருந்த தட்டை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"நான் ஏன் சார் அதத் தொடப்போறேன்? போன மாசம் ஒரு வாட்ச் குப்புறக் கிடக்குன்னு, தூசி தட்டின பாவத்துக்கு என்னைப் பிடிச்சுத் திட்டினீங்களே, மறந்துடுவேனா?"

திட்டியது உண்மைதான். டாக்டர் பத்தையும் திருப்பி வைத்தார்.

பதினோராவது வாட்ச் அவர் மகளின் கையில் இருந்தது. பதினேழு வயது, ஒல்லி, காதருகே வந்து எதையாவது பேசிக்கொண்டே இருப்பதால் அப்பா வைத்த பெயர் கொசு. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு நுழைவுத் தேர்வு. பேட்டரி போட்ட எதுவும் உள்ளே வரக் கூடாது, சாவி கொடுக்கிற வாட்ச் மட்டும் கட்டலாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெட்டியைக் கிளறி, புதிதாக வாங்கியதைத் தானே எடுத்து, டயல் உள்ளங்கைப் பக்கம் வரும்படி கட்டிக்கொண்டாள். நாலே நாளில் குறை வந்தது. பின்மூடியில் ஆழமாகக் குத்தியிருந்த எண் மணிக்கட்டில் உறுத்துகிறது, அரிக்கிறது, கணக்குப் போடவே முடியவில்லை. நேற்று மத்தியானம் டாக்டர், பல் செட்டுக்கு மெருகேற்றும் மோட்டாரில் அந்த மூடியைப் பிடித்து எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டார்.

பழைய ராணுவ வாட்ச் சேர்ப்பவர்களிடம் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள். எந்தச் சிப்பாய்க்கு எந்த வாட்ச் என்று ஏட்டில் எழுதிக் கொடுத்த எண் அது. அது போனால் வாட்ச் அநாதை. தெரிந்தேதான் செய்தார். பெற்ற பெண்ணின் கையை விடவா ஒரு இரும்பு மூடி பெரிது? மூடி பளபளவென்று வந்தது. கொசு அதில் தன் பல்லைப் பார்த்து இளித்துவிட்டுப் போனாள்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் விடிந்ததும் விடியாததுமாக எழுந்து கிளினிக்குக்குப் போனார். கிராம்பு எண்ணெய் வாசனைக்கு அடியில் வேறொரு வாசனை, நனைந்த கம்பளியைக் காயவைக்காமல் மடித்து வைத்தால் வருமே அது, நாற்காலியைச் சுற்றிக் கனமாக நின்றது, ஜன்னல்கள் மூடியிருந்தன, வாய் கொப்பளிக்கும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, பெட்டியின் மூடி திறந்து கிடக்க, பத்தும் மறுபடி குப்புறப் படுத்திருக்க, கடைசி வாட்சின் முதுகில் மட்டும் வட்டமாக ஓர் ஆவிப் படலம், அவர் பார்க்கப் பார்க்க ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கி நடுவுக்கு வந்து மறைந்தது.

அது என்னவென்று அவருக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் தேவலை. தேய்ந்த எண்ணைப் படிக்க வேண்டுமானால் வாட்ச் சேர்ப்பவர்கள் எல்லோரும் செய்வது இதுதான். மூடியை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதினால், மூச்சின் ஈரத்தில் அழிந்த கோடுகள் ஒரு கணம் எழுந்து வரும். அவரே எத்தனையோ தடவை ஊதியிருக்கிறார். யாரோ பத்து முதுகிலும் ஊதி, பத்து எண்களையும் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதற்கும் விடை உண்டு என்பவர். சொன்னதும் சிரித்தார்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தூக்கத்துல நீங்களே எழுந்து போய்த் திருப்பி வெச்சிருப்பீங்க."

"மூடியில மூச்சு பட்ட ஈரம் இருந்துச்சு."

"உங்க மூச்சுதான். வேற யாரு அத மூஞ்சிகிட்ட வெச்சுக் கொஞ்சறது?"

அன்று முழுதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பல்லுக்கு மருந்து வைத்துவிட்டுப் பெட்டியைப் போய்ப் பார்ப்பார். ஒரு பல்லைப் பிடுங்கிவிட்டுப் போய்ப் பார்ப்பார். நர்சம்மா ஜாடையாக உதட்டைப் பிதுக்கினார்.

புதன்கிழமை காலை படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. டீச்சர் குரல் இல்லை அது.

"என்னங்க. என் வாட்ச யாரு தொட்டது? குளிக்கப் போறப்ப நிமிர்த்திதான் வெச்சேன்."

கண்ணாடி மேசைமேல் அது குப்புறக் கிடந்தது. டாக்டர் கிளினிக்குக்கு ஓடினார். ஓடாத வாட்சுகளைப் போட்டு வைக்கும் இழுப்பறை வெளியே இழுக்கப்பட்டிருந்தது. உள்ளே குப்பையாகக் கிடந்த பதினாலும் மேசையின் மேல் ஒரே வரிசையில், ஒரு விரல் இடைவெளி விட்டு, பிசகாமல் அடுக்கப்பட்டிருந்தன. எல்லாம் குப்புற.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெட்டியில் தேடியாயிற்று. இழுப்பறையில் தேடியாயிற்று. படுக்கையறை வரை வந்தாயிற்று. டாக்டர் வாட்ச் கட்டுவதில்லை. இந்த வீட்டில் இன்னும் பார்க்காத வாட்ச் ஒன்றே ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு கொசு ஆறு மணிக்கே வகுப்புக்குப் போய்விட்டாள். போன் போட்டார். அணைத்து வைத்திருந்தாள்.

மத்தியானம் கடைவாய்ப் பல் வலியோடு ஒரு லாரி டிரைவர் வந்தார். வலித்தால் இடது கையைத் தூக்குங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் குடைய ஆரம்பித்தார். மோட்டார் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பல் கருகும் வாசனை வந்தது. அதற்கு அடியில் ஈரக் கம்பளி. டாக்டரின் கண் தானாகவே கீழே போனது. நாற்காலியின் கைப்பிடிமேல் டிரைவரின் இடது கை. அதில் இரும்புச் சங்கிலி போட்ட வாட்ச். சங்கிலியின் கொக்கி மெதுவாக விலகியது. வாட்ச் தானாக நிமிர்ந்து, புரண்டு, முதுகைக் காட்டியது. முதுகில் ஆவி படர்ந்தது.

டிரைவர் கையைத் தூக்கினார். மோட்டார் நின்றது.

"சிஸ்டர் ஏன் சார் கையப் புடிச்சாங்க? ஐஸா இருக்கு."

நர்சம்மா அறையின் அந்தக் கோடியில், வாசலருகே, சீட்டு எழுதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து டாக்டரைப் பார்த்தார். டிரைவரின் கையைப் பார்த்தார். பிறகு தன் வாட்சைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"நான் வரேன் சார்," என்றார். அவ்வளவுதான்.

டிரைவருக்கு எப்படியோ வேலையை முடித்து அனுப்பிவிட்டு, கொசுவின் கையில் இருந்த வாட்சை விற்ற பழைய சாமான் கடைக்காரருக்கு டாக்டர் போன் செய்தார்.

"போன மாசம் ஒரு மிலிட்டரி வாட்ச் வாங்கினேனே, டயல்ல அம்புக்குறி போட்டது. அதோட நம்பர் உங்ககிட்ட எழுதி வெச்சிருக்கா?"

"நான் எதுக்கு எழுதறேன்? அதுலயே இருக்குமே டாக்டர்." கடைக்காரரின் குரல் தணிந்தது. "ஏன், குப்புறக் கிடக்குதா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பயப்படாதீங்க. என் கடையில ஆறு வருஷம் இருந்துச்சு, தினம் காலைல அது ஒண்ணு மட்டும் குப்புறக் கிடக்கும். தன்னோடதுதானான்னு பாக்கும், வெச்சுட்டுப் போயிடும். பழகிடும்."

"இத ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா வாங்கியிருப்பீங்களா?" சிரித்தார். "நம்பர் இருக்கற வரைக்கும் ஒரு தொல்லையும் இல்ல டாக்டர்."

டாக்டர் மெருகேற்றும் மோட்டாரைத் திரும்பிப் பார்த்தார்.

"டாக்டர்? நம்பர் இருக்குல்ல?"

போனை வைத்துவிட்டு அவர் வாசலில் போய் நின்றார். உள்ளே வந்தார். மறுபடி போய் நின்றார். ஒரு எண்ணை அழித்ததற்கா இத்தனையும்? கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மழை பிடித்துக்கொண்டது. நாலரை மணிக்குக் கொசு நனைந்துகொண்டு வந்து சேர்ந்தபோது, அவள் செருப்பைக் கழற்றும் முன்பே கையைப் பிடித்தார்.

"வாட்ச கழட்டு."

"ஏன்ப்பா? ஞாயித்துக்கிழமை எனக்கு..."

"கழட்டுன்னா கழட்டு!"

அவர் அவளிடம் அப்படிக் கத்தியதே இல்லை. கொசு கழற்றிக் கொடுத்துவிட்டு, மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டே உள்ளே போனாள். சாப்பாட்டு மேசையில் புத்தகம் வைக்கும் சத்தம் கொஞ்சம் பலமாகவே கேட்டது. கோபம். இருக்கட்டும், காலையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தார்.

எண்ணைத் திரும்பப் பொறித்துவிட்டால் போதும். ஆறு இலக்கம். 7, 0, 4, 1, 6. ஐந்து வரை கண்முன் நின்றன. ஆறாவது? அது முன்பே தேய்ந்திருந்தது. மூன்றா, எட்டா? மற்றப் பத்துக்கும் முதுகைப் படம் எடுத்து வைத்திருந்தவர், இது சுமாரான சரக்கு என்று இதை மட்டும் எடுக்கவில்லை. கண்ணை மூடிப் பார்த்தார். இடது பக்கம் திறந்திருந்ததுபோல்தான் இருந்தது. மூன்றுதான். மூன்றாகத்தான் இருக்க வேண்டும். பல் குடையும் ஊசியை மாட்டினார். ஒவ்வொரு இலக்கமாகப் பொறித்தார்.

704163.

பெட்டியின் நடுவில், எண் மேலே தெரிய அதை வைத்தார். விளக்கைப் போட்டுவிட்டு, நோயாளியின் நாற்காலியிலேயே உட்கார்ந்தார். ஐந்தேகால். மழைச் சத்தம். குழாய் சொட்டும் சத்தம். சமையலறையில் மனைவி பாத்திரம் கழுவும் சத்தம். பதினொரு வாட்சும் ஓடும் சத்தம்.

வாசனை வந்தது.

இந்தத் தடவை அவருக்கு மிக அருகில். தலைக்கு மேலே. உயரமான ஆள்.

புதிதாகப் பொறித்த மூடியில் ஆவி படர்ந்தது. மெதுவாக மறைந்தது. மறுபடி படர்ந்தது. இரண்டாவது தடவை அதிக நேரம் நின்றது. டாக்டர் மூச்சை அடக்கிக்கொண்டு மனசுக்குள் கெஞ்சினார். உன்னுடையதுதான். எடுத்துக்கொள். போய்விடு.

வாட்ச் வெல்வெட்டிலிருந்து ஓர் அங்குலம் எழுந்தது. புரண்டது. டயல் மேலே தெரிய, ஓரமாக ஒதுக்கி வைக்கப்பட்டது.

வேண்டாத பொருளை வைப்பதுபோல்.

வாசனை அவரைத் தாண்டி நகர்ந்தது. உள்கதவின் திரை ஒரு பக்கமாக ஒதுங்கியது. விழுந்தது.

"அப்பா," என்று கொசு கூப்பிட்டாள்.

அவர் போய் நின்றபோது அவள் மேசையருகே உட்கார்ந்திருந்தாள். வலது கையில் பேனா. இடது கை மேசைமேல், உள்ளங்கை மேலே பார்க்க, மல்லாந்து கிடந்தது.

"அப்பா, கையைத் திருப்ப முடியல."

மணிக்கட்டுக்குக் கீழே நாலு பள்ளம். இந்தப் பக்கம் ஒரு பள்ளம். விரல்கள் அழுந்திய பள்ளம். விரல்கள் இல்லை.

"யாரோ ஊதறாங்கப்பா."

அவர் பாய்ந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தார். நாற்காலி நகர்ந்தது. கை நகரவில்லை. மணிக்கட்டில், வாட்ச் உறுத்திய அதே இடத்தில், தோல் ஈரமாக மினுங்கியது. ஈரத்தில் ஒரு கோடு எழுந்தது. சிவப்பாக. தடிப்பாக.

7.

"அம்மா!" என்று கத்தினாள் கொசு. பாத்திரச் சத்தம் நின்றது.

0. 4.

"அது இவ இல்ல," என்றார் டாக்டர், யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து. "நான்தான் அழிச்சேன். என்னைப் பாரு. நான்தான்."

1. 6.

மனைவி கையில் கரண்டியோடு வந்து வாசலில் நின்றுவிட்டார். கடைசி இலக்கம் மெதுவாக வந்தது. மேலே ஒரு வட்டம். கீழே ஒரு வட்டம்.

எட்டு.

கொசுவின் கத்தல் பாதியில் நின்றது. பேனா உருண்டு கீழே விழுந்தது. இடது கை மேசையைவிட்டு எழுந்தது. அவளும் கையோடு எழுந்தாள். கை இன்னும் மேலே போனது. உயரமான ஆள் ஒருவன் மணி பார்க்க முகத்தருகே தூக்கும் உயரத்துக்கு. அவள் கால் விரல்கள் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கின. டாக்டர் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு கீழே இழுத்தார். அசையவில்லை.

மணிக்கட்டின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சின்ன எலும்பின் இரண்டு பக்கமும் தோல் குழிந்தது. ஒரு கட்டைவிரல். ஓர் ஆள்காட்டி விரல். எலும்பு திரும்பியது. கிர்ரிக். மறுபடி. கிர்ரிக். கிர்ரிக். நிதானமாக, பழகிய கை சாவி கொடுக்கும் அதே நிதானத்தில்.

கொசு அப்பாவைப் பார்த்தாள். கண்ணைச் சிமிட்டினாள். சரியாக ஒரு நொடி கழித்து மறுபடி சிமிட்டினாள். சரியாக ஒரு நொடி கழித்து மறுபடி.