குடைக்காரனைக் காணோம்!

டெலிபோன் அலறியது!

கடைக்காரர் எடுத்தார். மறு கையில் துடைத்துக்கொண்டிருந்த காபிக் கோப்பை.

"ஹலோ, மாஸ்டர் ஆர்ட் ஹவுஸ்..."

"இன்ஸ்பெக்டர் பேசறேன். பல் டாக்டருக்கு ஒரு ஓவியம் வித்தது நீங்கதானே?"

"ஆ... ஆமா."

"காலையில அவர் வீட்ல ஒருத்தன் புகுந்துட்டான். டாக்டருக்கு மண்டையில அடி. ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடக்கறார். சுவர்ல இருந்த படத்தையும் தூக்கிட்டுப் போயிட்டான்!"

"எ... எந்தப் படம்?"

"குடைக்காரன்."

கோப்பை கை நழுவியது.

சிலீர்!

"என்ன சார் சத்தம்?"

"ஒ... ஒண்ணுமில்ல."

"ஆளைப் பிடிச்சாச்சு. படமும் கிடைச்சாச்சு. அது ஒரிஜினல்தானான்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும். உடனே வாங்க!"

கடைக்காரருக்கு முதுகில் வியர்வை வழிந்தது.

வழியாதா பின்னே? செய்த காரியம் அப்படி!

பத்து வயதில், கிழிந்த காலண்டர் ஒன்றில் 'மாஸ்டர்' என்று ஊரே கொண்டாடிய ஓவியரின் படத்தைப் பார்த்து மயங்கியவர் இவர். மாஸ்டர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இவர் மயக்கம் மட்டும் தெளியவில்லை. "இந்தப் பைத்தியத்தையே தொழிலாப் பண்ணினா என்ன?" என்று மனைவி கேட்டாள். கடை பிறந்தது. கோப்பையில் மாஸ்டர், குடையில் மாஸ்டர், தலையணை உறையில்கூட மாஸ்டர்!

அவரிடம் இருந்த ஒரே அசல் ஓவியம் 'குடைக்காரன்'. கொட்டும் மழையில் உட்கார்ந்து யாருடைய குடையையோ தைக்கிறான் ஒருவன். அவன் தலைக்கு மேல் குடை இல்லை. மாஸ்டரின் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி, இளவயதில் வாங்கியது.

கடை தள்ளாடியபோது பல் டாக்டர் அதை விலைக்குக் கேட்டார். இவரும் சரி என்றார். பணம் வந்தது, கடை பிழைத்தது.

ஆனால் பிரிய மனசு வரவில்லை!

திருட்டுத்தனமாக அதே மாதிரி ஒன்றை வரைந்தார். மனைவியிடம் இரண்டையும் கொடுத்தார். கடையில் ஃப்ரேம் போடுவது அவள் வேலை.

"இது ஒரிஜினல், டாக்டருக்கு. அது ஆசைக்கு நான் வரைஞ்ச காப்பி. நம்ம பெட்ரூமுக்கு."

மாற்றிச் சொன்னார், பாவி மனுஷன்! டாக்டரையும் ஏமாற்றி, கட்டியவளையும் ஏமாற்றினார்.

"நானும் வரேன்" என்று மனைவி செருப்பை மாட்டினாள்.

"நீ எதுக்கு?"

"உங்க மூஞ்சி சரியில்ல."

ஸ்டேஷன். மேஜைமேல் குடைக்காரன். கம்பிக்குப் பின்னால் திருடன்.

கடைக்காரரைப் பார்த்ததும் திருடன் துள்ளினான்.

"இவர்தான் சார்! டிவியில இவர்தான் சொன்னாரு. 'இந்த டாக்டர் வீட்டுப் படம் ஒண்ணு இருந்தா ஏழு தலைமுறை உக்காந்து சாப்பிடலாம்'னு! அதைக் கேட்டுத்தான் எனக்குப் புத்தி கெட்டுச்சு!"

"வாயை மூடுடா!" என்றார் இன்ஸ்பெக்டர். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார். "டாக்டரும் லேசுப்பட்ட ஆள் இல்ல சார். படத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேன்னு நின்னிருக்கார். அதான் அடி. சரி... ஒரிஜினல்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் நீங்க கிளம்பலாம்."

பேனா நீண்டது.

ஒரே ஒரு கையெழுத்து! போட்டால் தப்பித்தார். யாருக்கும் எதுவும் தெரியாது.

பேனா தாளைத் தொட்டது...

டாக்டரின் குரல் காதில் கேட்டது. பல்லைப் பிடுங்கும்போதும் சிரித்துக்கொண்டே சொல்வாரே! 'தினம் காலையில குடைக்காரன் மூஞ்சியிலதான் சார் முழிக்கறேன்.'

ஒரு போலிக்காக அந்த மனுஷன் மண்டையைக் கொடுத்திருக்கிறார். தன்னுடைய போலிக்காக!

பேனாவை வைத்துவிட்டார்.

"சார்... இது போலி."

"என்னது?"

"நான்தான் வரைஞ்சேன். ஒரிஜினல் என் வீட்ல இருக்கு. டாக்டரை ஏமாத்திட்டேன் சார்! அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா அந்தப் பாவம் என்னைத்தான் சேரும். என்னை உள்ளே போடுங்க!"

பெஞ்சிலிருந்து மனைவி எழுந்தாள். "என்னங்க..."

"நீ பேசாதே! உன்கிட்டயும் பொய் சொன்னேன். மன்னிச்சிடு."

இன்ஸ்பெக்டர் படத்தை உற்றுப் பார்த்தார். "நிஜமாவா சார்? பார்த்தா நல்லாத்தானே இருக்கு..."

"நல்லா இருக்கா?" கடைக்காரருக்கு ஆவேசமே வந்துவிட்டது. "இந்த மழையைப் பாருங்க. உயிரே இல்ல! மாஸ்டர் கை இப்படியா இழுக்கும்? இந்த விரல்... வெண்டைக்காய் மாதிரி! அந்தக் கண்ணு... செத்த மீன் கண்ணு! மாஸ்டர் இருந்திருந்தா என்னைச் செருப்பால அடிச்சிருப்பார்!"

"ஐயோ, கொஞ்சம் நான் சொல்றதை..." என்றாள் மனைவி.

"சும்மா இரு! இன்ஸ்பெக்டர் சார், பின்னாடி ஒட்டியிருக்கற பேப்பரைக் கிழிங்க. எங்க வீட்டுப் பழைய ஜன்னல் திரையிலதான் வரைஞ்சேன். ஓரத்துல பச்சை நூல் தையல் இருக்கும். அதுதான் சாட்சி!"

இன்ஸ்பெக்டர் படத்தைக் கவிழ்த்தார்.

சர்ர்ர்ரக்!

"பச்சை நூலா? எங்கே சார்?"

கடைக்காரர் குனிந்தார்.

தையல் இல்லை... நூலும் இல்லை!

துணியைச் சுற்றிலும் குட்டை குட்டையாக, துருப்பிடித்த செருப்பு ஆணிகள்!

மாஸ்டர் செருப்புத் தைப்பவரின் மகன். துணியைச் சட்டத்தில் அடிக்க, கடைசிவரை அப்பா விட்டுப்போன ஆணிகளைத்தான் எடுத்தார். டிவியில் இதைச் சொல்லிக் கண்கலங்கியதும் இதே கடைக்காரர்தான்.

"இ... இது..."

"ஒரிஜினல்" என்றாள் மனைவி. "அந்தத் திரைக்கு ஓரம் அடிச்சதே நான்தாங்க. ஃப்ரேம் போடத் திருப்பினப்ப என் தையல் எனக்குத் தெரியாதா? டாக்டர் நம்மள நம்பிப் பணம் குடுத்திருக்காரு. மனசு கேக்கல. ஒரிஜினலை அவருக்கு அனுப்பிட்டேன்."

"அப்போ பெட்ரூம்ல..."

"உங்க காப்பி."

"தினமும் அதைப் பார்த்து நான்..."

"அழுவீங்க. 'மாஸ்டர் கை மாஸ்டர் கைதான்'னு சொல்லிச் சொல்லி அழுவீங்க. சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை வாய் வரைக்கும் வந்துச்சு. நீங்க சந்தோஷமா இருந்தீங்க... விட்டுட்டேன். எனக்கும் உறுத்தல்தான்."

கடைக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்.

கான்ஸ்டபிள் ஓடி வந்தார்.

"சார்! டாக்டர் கண்ணு முழிச்சிட்டாராம்! முதல் வார்த்தையே 'குடைக்காரன் பத்திரமா?'ன்னுதானாம்!"

கடைக்காரர் குலுங்கிக் குலுங்கி அழுதார். மனைவி அவர் தோளைத் தொட்டாள்.

"ஏமாத்தணும்னு நினைச்சேனே சார்... அதுக்கு என்ன தண்டனை?"

"நினைச்சதுக்கெல்லாம் கேஸ் போட்டா லாக்கப் தாங்காது. நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லுங்க. அவர் என்ன செய்யறாரோ செய்யட்டும்."

கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வாசல்வரை போனவரை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார்.

"சார், ஒரு நிமிஷம்! எனக்கும் வீட்ல மாட்ட ஒரு மாஸ்டர் ஓவியம் வாங்கணும்னு ஆசை. வாங்கறதுக்கு முன்னாடி உங்ககிட்டதான் காட்டுவேன்."

"என்கிட்டயா?"

"ஆமா. நீங்க போலின்னு சொன்னா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன்!"