எண்பத்தோரு கையெழுத்து

"என் சனங்களே என்னை வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க சார்" என்று சொல்லிவிட்டுத்தான் அந்த நர்ஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு வணக்கம்கூட இல்லை.

டைப்பிஸ்ட் காதைத் தீட்டிக்கொண்டான். இரண்டாவது மாடியிலிருந்த அந்த அறையில் பாதி அவனுடைய கடை. மனு, விண்ணப்பம், பத்திரம் எல்லாம் அடித்துக் கொடுப்பான். மறுபாதி அவனுடைய அக்கா புருஷனின் ஆபீஸ். அவர் இருபது வருஷம் கோர்ட்டில் ஆவணங்களைச் சரிபார்த்துவிட்டு இப்போது துப்பறிய உட்கார்ந்திருப்பவர். தலையில் இடி விழுந்தாலும் எந்தப் பக்கத்திலிருந்து விழுந்தது என்று கேட்கக்கூடிய மனிதர். அதனால் ஊரே அவரை நிதானம் என்றுதான் கூப்பிட்டது. மச்சினனோ, கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிட்டு அப்புறம் அசடு வழிகிற ரகம்.

நர்ஸை யாருக்குத்தான் தெரியாது! மில் குடியிருப்பில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர். போன சட்டமன்றத் தேர்தலில் சுயேச்சையாக நின்று இருநூற்றுப் பதினோரு ஓட்டில் தோற்றவர். கூட வந்த கணவர் வாசலிலேயே நின்று, "நீ பேசிட்டிரு, மேல ரெண்டு மாடியிலயும் துணி எடுத்துட்டு வந்திடறேன்" என்று கையை வீசிக்கொண்டு படியேறினார். லாண்டரி வைத்திருப்பவர். இந்தக் கட்டடத்துத் துணியும் அவரிடம்தான் போகிறது.

சிஸ்டர் ஒரு நகலை மேசையில் வைத்தார். தொகுதி எல்லைகளைத் திருத்தி வரைகிறார்கள். நாளை காலை பத்து மணிக்கு அதிகாரி முன்னால் கடைசி விசாரணை. மில் குடியிருப்பைக் கிழக்குத் தொகுதியோடு சேர்த்துவிடும்படி அங்கே இருப்பவர்களே கேட்டுக்கொண்டதாக ஒரு மனு. கீழே எண்பத்தோரு கையெழுத்து.

"மொத்தமே பன்னிரண்டு பிளாக், தொண்ணூத்தாறு வீடு சார். எல்லாருக்கும் நான் ஊசி போட்டிருக்கேன், பிரசவம் பாத்திருக்கேன். குடிக்கற தண்ணிக்குக் குழாய் கேட்டு அஞ்சு வருஷமா அலையறேன். கிழக்குத் தொகுதிக்குப் போயிட்டா நாங்க வால். வால்ல குழாய் வரலைன்னா தலைக்குத் தெரியுமா? இவங்க இல்லாம நான் நின்னு என்ன, நிக்காம என்ன?"

"கையெழுத்துப் போட்டவங்கள்ல யாரையாவது கேட்டீங்களா?" என்றார் நிதானம்.

"எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுக் கேக்கறது? ரெண்டு நாளா படிக்கட்டுல யாரையும் பாக்காம தலையைக் குனிஞ்சுட்டு இறங்கறேன்." அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

அதற்குள் கணவர் இரண்டு தோளிலும் மூட்டையோடு இறங்கி வந்துவிட்டார். "கேக்க வேணாம்னு நான்தான் சொன்னேன் சார். போட்டது போட்டாச்சு. போய்க் கேட்டா நமக்குத்தானே அசிங்கம்?" என்றார். பிறகு நிதானம் எடுத்துக் கொடுத்த மூன்று சட்டைகளை எண்ணி, கக்கத்திலிருந்த நோட்டை நீட்டி அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"நாலு மணிக்கு ரெண்டு பேரும் வாங்க" என்று அவர்களை அனுப்பிவிட்டு, நிதானம் பூதக்கண்ணாடியோடு மனுவின் மேல் குனிந்தார். அரைமணி நேரம் ஒவ்வொரு கையெழுத்தாக நகர்ந்தார். டைப்பிஸ்டுக்கு உள்ளங்கால் அரித்தது.

"மாப்ளே, இது எழுதின கையெழுத்து இல்ல. வரைஞ்சது. பேனா நடுநடுவுல நின்னு மூச்சு வாங்கியிருக்கு. நீ குடியிருப்புக்குப் போய் விசாரிச்சுட்டு வா. அந்தப் பதினஞ்சு வீட்டையும் விட்டுடாதே."

"எந்தப் பதினஞ்சு?"

"தொண்ணூத்தாறுல எண்பத்தொண்ணு போக."

நாலு மணிக்கு டைப்பிஸ்ட் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்து சேர்ந்தான். தண்ணீர் கேன் போடுகிறவனையும் ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். சிஸ்டரும் கணவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள்.

"சிஸ்டர், ஒருத்தரும் கையெழுத்துப் போடலை! மனுவைக் காட்டினதும் பதறிப்போயிட்டாங்க. எங்க சிஸ்டருக்கு எதிரா நாங்களான்னு ஒரு அம்மா என்னை அடிக்கவே வந்துட்டாங்க!"

சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டு நாளாக அடக்கிவைத்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. கணவர் அவருடைய தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"இன்னும் கேளுங்க மாமா" என்று டைப்பிஸ்ட் மனுவை விரித்தான். "மூணாவது பிளாக் டெய்லரோட கையெழுத்தைப் பாருங்க, கோழி கிளறின மாதிரி. போன மாசம் வலது கையில மாவுக்கட்டு. அப்ப எங்கேயும் இடது கையாலதான் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆனா கட்டுப் பிரிச்சது இந்த மாசம் அஞ்சாம் தேதி. மனுவில போட்டிருக்கற தேதி பதினெட்டு! அப்போ, போன மாசத்துக் கையெழுத்து ஒண்ணைப் பாத்துத்தானே இதை வரைஞ்சிருக்காங்க? கட்டுப் போட்டிருந்தப்ப அவர் ரெண்டே இடத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஒண்ணு லாண்டரி நோட்டு. இன்னொண்ணு தண்ணி கேன் நோட்டு." கேன்காரனைப் பார்த்து விரலை நீட்டினான். "இப்ப இருக்கற எம்.எல்.ஏ.வுக்குப் போஸ்டர் ஒட்டறது யாருய்யா? நீதானே?"

"ஆமா, ஒட்டினேன். அதுக்காக? குழாய் வந்துட்டா என் பொழைப்பு போயிடும்னு சிஸ்டர் மூஞ்சிக்கு நேராவே சொல்லியிருக்கேன். இந்தத் திருட்டு வேலை எனக்குத் தெரியாது சார்" என்று எகிறினான் கேன்காரன்.

"உக்காருப்பா" என்றார் நிதானம். "ஒரு பிளாக்ல எப்படிக் கேன் போடுவே?"

"எப்படின்னா? கீழ் வீட்டுல ஆரம்பிச்சு மேல போவேன்."

"ஏன், மேலேருந்து ஆரம்பிச்சா என்ன?"

"அத்தனை கேனையும் மொட்டைமாடி வரைக்கும் தூக்கிட்டுப் போய், மறுபடி கீழ தூக்கிட்டு வரவா? எனக்கென்ன பைத்தியமா?"

டைப்பிஸ்டுக்கு ஏதோ இடறியது. மனுவை மறுபடி பார்த்தான். முதல் பிளாக்: மூன்றாம் மாடி, இரண்டாம் மாடி, முதல் மாடி, தரைத்தளம். அடுத்த பிளாக்கும் அப்படியே. பன்னிரண்டும் அப்படியே.

"கொடுக்கப் போறவன் கீழேருந்து ஏறுவான். ஏற ஏறச் சுமை குறையும்" என்றார் நிதானம். அவர் குரல் துளிகூட உயரவில்லை. "வாங்கப் போறவன் வெறுங்கையா உச்சிக்குப் போயிட்டு, வாங்கிக்கிட்டே இறங்குவான். காலைல இந்தக் கட்டடத்துலயே பாத்தோம். நோட்டுல எந்த வரிசையில இருந்துதோ, அதே வரிசையில மனுவிலயும் ஏறியிருக்கு. மாத்தணும்னு தோணக்கூட இல்லை, அத்தனை வருஷப் பழக்கம். மாப்ளே, அந்தப் பதினஞ்சு வீடு என்ன சொல்லிச்சு?"

டைப்பிஸ்ட் மனுவை மெதுவாகக் கீழே வைத்தான். "எல்லா வீட்லயும் கேன் தண்ணிதான் மாமா. ஆனா அந்தப் பதினஞ்சுல, சிஸ்டர் வீடு போக மத்த பதினாலு வீடு மட்டும்... அவங்களே துவைச்சுக்கறாங்களாம்."

கணவர் தட்டிக்கொண்டிருந்த கை சிஸ்டரின் தோளிலேயே நின்றுவிட்டது. சிஸ்டர் மெல்ல அந்தக் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"நோட்டைக் குடுங்க" என்றார் கணவரிடம்.

அவர் கொடுக்கவில்லை. சிஸ்டரே அவருடைய கக்கத்திலிருந்து உருவி மேசையில் வைத்தார். நிதானம் போன மாதத்துக் கடைசி வாரத்தைத் திருப்பி, மனுவின் தாளை அதன்மேல் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கையெழுத்தின்மேல் கையெழுத்து அச்சாகப் பொருந்தியது.

"யாரு எவ்வளவு குடுத்தாங்க?" என்று பாய்ந்தான் டைப்பிஸ்ட்.

"யாரும் ஒண்ணும் குடுக்கலை!" கணவர் கத்தினார். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "போன தடவை தோத்தப்ப பதினோரு நாள் சுவரைப் பாத்துட்டுப் படுத்திருந்தா சார். சோறு ஊட்டினது நான். குடியிருப்பு கைவிட்டுப் போச்சுன்னா நிக்கவே மாட்டா, தோக்கவும் மாட்டான்னு நெனச்சேன்."

"ஜெயிச்சிருந்தா?" என்றார் சிஸ்டர்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஜெயிச்சா மட்டும்? இப்பவே ஊருக்குக் குடுத்தது போக மிச்சம்தான் இவ எனக்கு. அப்புறம் அதுவும் இருக்காதே."

"ரெண்டு நாளா நான் தலையைக் குனிஞ்சுட்டுப் படியிறங்கறப்ப என் பின்னாடியேதானே வந்தீங்க? என் பையைக்கூட நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க? அவங்களைக் கேக்காதே, அசிங்கம்னு சொன்னீங்களே, பாவி மனுஷா! பெத்த தாய் மாதிரி இருந்தவங்களையெல்லாம் துரோகின்னு நெனைக்க வெச்சுட்டீங்களே." சிஸ்டருக்கு இப்போது அழுகை வரவில்லை. அதுதான் பார்க்கச் சகிக்கவில்லை. "நிஜமாவே எண்பத்தோரு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அதைத் தாங்கியிருப்பேன்."

கேன்காரன் மெதுவாக எழுந்தான். "நாளைக்குக் குடியிருப்புல எல்லாரையும் நான் கூட்டிட்டு வரேன் சிஸ்டர். ஓட்டு உங்களுக்குப் போட மாட்டேன். ஆனா வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நிதானம் கணவரைப் பார்த்தார். "இந்த நோட்டு நாளைக்கு அதிகாரி மேசைக்குப் போனா மனு செல்லாது. ஆனா உங்க மேல கேஸ் வரும்." பிறகு சிஸ்டரிடம், "முடிவு உங்க கையில" என்றார்.

சிஸ்டர் நோட்டைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். "டைப்பிஸ்ட் தம்பி, நாளைக்குக் குடுக்க ஒரு ஆட்சேப மனு அடிங்க."

டைப்பிஸ்ட் தாளைச் சொருகினான். எத்தனையோ குடும்பங்களின் வழக்குகளை அடித்துத் தள்ளிய விரல்கள்தான். இன்று எழுத்து எழுத்தாகத் தேடின. சிஸ்டர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே வந்து, கடைசிப் பத்தியில் நின்றுவிட்டான். மூட்டைகளின் நடுவே உட்கார்ந்திருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார்.

"போலிக் கையெழுத்திட்டவர் பேர் போட்டாச்சு சிஸ்டர். மனுதாரருக்கு என்ன உறவுன்னு ஒரு இடம் இருக்கு. வேணும்னா அதை அப்படியே விட்டுடலாம். தெரிஞ்சவர்னுகூடப் போட்டுக்கலாம்."

"கணவர்னே போடுங்க" என்றார் சிஸ்டர். "இதுல ஒரு பொய்யும் வேணாம். அவர் போட்டதே எண்பத்தொண்ணு இருக்கு."