முதல் கடி

காலை ஊதல் கேட்டதும் ஓடைக்கரைத் தோட்டக்காரர்கள் காவல்விழிக் கம்பத்தின் முன்னால் வரிசையாக நின்றார்கள். உச்சியிலிருந்த கேமரா முகம் முகமாகப் பார்த்தது. ஆளுக்கொரு வெள்ளரிப்பிஞ்சைக் கடித்து மெல்லத் தொடங்கினார்கள். மருந்தடித்த காய் தின்று பலர் செத்த நஞ்சாண்டுக்குப் பிறகு வந்த சட்டம் அது: விளைவித்தவன்தான் முதலில் தின்ன வேண்டும். மணிக்கட்டில் கட்டிய குருதிமானி ரத்தத்தில் நஞ்சு காணாமல் பச்சையாகவே இருந்தால் சந்தைக் கதவு திறக்கும். சிவந்தால் தோட்டத்துக்குப் பூட்டு.

மாடக்கண்ணு கடித்ததை இடது கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டான். விழுங்குவதுபோல் தொண்டையை மட்டும் ஏற்றி இறக்கினான்.

"என்னவே, சம்பந்தி வீட்டு விருந்தா? இம்புட்டு மரியாதையா மெல்லுதீரு!" என்றான் பக்கத்துத் தோட்டத்துப் பேச்சிராசு. அவன் பேச்சும் கொஞ்சம் குழறித்தான் வந்தது.

பழ ஈ விழுந்ததை மாடக்கண்ணு சொல்லியிருந்தால் கொடியோடு கொளுத்தியிருப்பார்கள். அந்தத் தோட்டத்தை விட்டால் அவனுக்குப் பிழைப்பில்லை. தடைசெய்த மருந்தை அடித்துவிட்டான்.

வரிசைக்கு எதிரே, பழ ஈயைக் கண்டுபிடிக்கப் பயிற்சி கொடுக்க வந்த எஸ்தர் டீச்சர் நின்றிருந்தார். முந்தின நாள் பூதக்கண்ணாடியை நீட்டி, "ஈ குத்துன எடத்துல கோந்துபோல ஒரு சொட்டு நிக்கும். அப்படி ஒரு காய் கொண்டாங்க, காட்டுதேன்" என்று கேட்டிருந்தார். ஓடைக்கரை முழுக்கத் தேடியும் ஒரு காய் அகப்படவில்லை.

"ஈயே அண்டாத ஊரை இப்பத்தான் பாக்கேன்" என்றார் டீச்சர். பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார். "நஞ்சாண்டுல எங்க வீட்டுக்காரரு போனது வெள்ளரிக்காயாலதான். அதுக்கப்புறம் நான் தொட்டதே இல்ல. இன்னைக்குத் தின்னுருதேன். ஒங்க காயில ஒண்ணு எடுத்துக்கிடுதேன், அண்ணாச்சி."

மாடக்கண்ணுவின் கூடையிலிருந்து ஒரு பிஞ்சை எடுத்து முந்தானையில் துடைத்தார். அவர் மணிக்கட்டில் மானி இல்லை. வாங்கித் தின்பவர்களுக்கு யாரும் அதைக் கட்டுவதில்லை.

மாடக்கண்ணு மேலே கம்பத்து விழியைப் பார்த்தான். தோட்டத்தைப் பார்த்தான். பிஞ்சு அவர் உதட்டுக்குப் போகும்வரை பார்த்துக்கொண்டே நின்றான்.

"டீச்சர், வேண்டாம்!"

வாய் திறந்ததும் மென்ற வெள்ளரி மோவாயில் வழிந்து காலடியில் விழுந்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

டீச்சர் கீழே விழுந்ததைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பிஞ்சைப் பார்த்தார். "நீங்களா அண்ணாச்சி?" என்றார்.

பேச்சிராசு குனிந்தான், துப்பினான். அடுத்து நின்றவளும் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். துப்பும் சத்தம் வரிசையின் கடைசிவரை போனது.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லார் மணிக்கட்டிலும் மானி பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது.