கேஸ் தொட்டி செத்த வாரம்

"சாயங்காலம் என் தம்பியைப் போலீஸ்ல ஒப்படைக்கப் போறாங்க சார். இப்பவே வாங்க."

சர்வேயர் வீட்டு வாசலில் நின்றாள் அவள். சப்பாத்திக்கள்ளியை அரைத்துத் தொட்டியில் ஊறவைத்து, லாரி ஓடுவதற்கான கேஸ் எடுக்கிற ஆலையில், மத்தியான வெயிலில் கள்ளி வெட்டுகிறவர்களுக்கு அவள்தான் மேஸ்திரி. தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவள் தம்பி. ஒரு வாரமாகத் தொட்டியில் கேஸ் இல்லை. உள்ளே இருந்த கரைசல் புளித்துப்போய், கேஸ் உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிட்டன. மேனேஜரோடு சண்டை போட்ட தம்பிதான் ஆசிட் ஊற்றிவிட்டான் என்று பேச்சு.

இன்சூரன்ஸில் விபத்துகளைத் துருவியே தலை நரைத்தவர் சர்வேயர். அவர் சட்டையை மாட்டுவதற்குள் மைத்துனன் காரைக் கிளப்பிவிட்டான்.

"மேனேஜர்தான் அத்தான். மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும்."

"இன்னும் பார்க்கவே இல்லையே மாப்ள."

ஆலையில் ஆசிட் கேன் பாதி காலியாக இருந்தது. "குழாய் கழுவத்தான் எடுத்தேன்" என்றான் தம்பி. அழுதழுது கண் வீங்கியிருந்தது.

தொட்டிக்கு ஒரே வாய்தான். சர்வேயர் அதன் இரும்பு விளிம்பை விரலால் தடவினார். பெயிண்ட் பழசு, ஆனால் எங்கும் உரியவில்லை. அடுத்து, வெட்டுகிறவர்களின் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். ஆணிகளில் அரிவாள்களும், தலையில் மாட்டும் லைட்டுகளும் வரிசையாகத் தொங்கின. அரவை மெஷின் இருந்த இருட்டு ஷெட்டில் கள்ளி மலைபோலக் குவிந்திருந்தது. ஒரு மடலில் முள்ளைச் சீவி வாயில் போட்டு மென்றார். முகம் சுளித்தது. பிறகு வெயிலில் நின்ற செடியில் ஒரு துண்டை வெட்டி மென்றார்.

"பசிச்சா சொல்லக்கூடாதா அத்தான்?"

"நீயும் தின்னு பாரு. ரெண்டையும்."

மைத்துனன் தின்றான். "முதல் துண்டு பல்லு கூசுது. இது சப்புன்னு இருக்கு."

சர்வேயர் எல்லோரையும் தொட்டியருகே கூப்பிட்டார்.

"ஆசிட் பட்டா பெயிண்ட் உரிஞ்சு இரும்பு துருப்பிடிக்கும். இங்க கீறல்கூட இல்ல. புளிப்பு கள்ளியோடயே வந்திருக்கு. தண்ணி வத்திடக் கூடாதுன்னு கள்ளி பகல்ல மூச்சை அடக்கிக்கும், ராத்திரிதான் விடும். அப்ப உள்ள புளிப்பு சேரும். வெயில் ஏற ஏற அது குறைஞ்சிடும். விடியறதுக்கு முன்னாடி வெட்டி இருட்டுல போட்டா, சேர்ந்த புளிப்பு அப்படியே தொட்டிக்குப் போகும்." மேஸ்திரியைப் பார்த்தார். "மத்தியானம் வெட்டுறவங்களுக்குத் தலையில லைட் எதுக்கும்மா?"

அவள் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வாரம் முன்னாடி வெயில்ல ஒருத்தி மயங்கி விழுந்தா சார். மாசமா இருக்கிறவ. அதான் இருட்டோட வெட்டச் சொன்னேன்."

"யாரைக் கேட்டு மாத்தின?" மேனேஜர் கத்தினார்.

"கேட்டிருந்தா விட்டிருப்பீங்களா?"

தம்பி குறுக்கே பாய்ந்தான். "நான்தான் ஊத்தினேன் சார்! என்னையே பிடிச்சுக் குடுங்க. அக்கா வேலையில கை வைக்காதீங்க."

"வாயை மூடுடா" என்றாள் அக்கா.

"தொட்டியே செத்துப்போச்சு. இனி என்ன வேலை?" என்றார் மேனேஜர். "நாளையிலேர்ந்து யாரும் வரவேணாம்."

அவள் சர்வேயரைப் பார்த்தாள். "வெட்டினதை வெயில்ல பரப்பிப் போட்டா புளிப்பு போயிடுமா சார்?"

"போகும்."

"தொட்டி பிழைக்குமா?"

"தெரியலம்மா."

அவள் ஷெட்டுக்குள் போய், கையுறைகூட இல்லாமல் ஒரு கை மடல்களை அள்ளிக்கொண்டு வெயிலுக்கு வந்தாள்.

"நாளையிலேர்ந்துதான வரவேணாம்?" என்றாள், மேனேஜரைத் திரும்பிப் பார்க்காமலே.