பதினாறில் நிற்கும் வீடு

இருபத்து நான்கில் வைத்துவிட்டுப் போன வீடு, மறுபடியும் பதினாறு டிகிரிக்கு இறங்கியிருந்தது.

வீட்டின் சூட்டையும் குளிரையும் தானே கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட்டை, நடைவழிச் சுவரில், பெரியவர் முறைத்தார். அறைக்குள் பேரன் தூங்குகிறான். நெஞ்சுச்சளி இப்போதுதான் குறைந்திருக்கிறது. மறுபடி குளிர் ஏறினால் ஆஸ்பத்திரிதான் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த அந்தப் பிற்பகலில், ஜன்னல் கண்ணாடியில் மழை வழிய, ஈரச்சுவரின் வாடையும் பால் புட்டியின் புளித்த வாடையும் கலந்து கிடந்த நடைவழியில், குளிர்காற்று யாரோ மூச்சுவிடுவதுபோல் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

மகனுக்குப் போன் போட்டார்.

"ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு என் வீட்டைக் குளிர வைக்கிறியா?"

"நான் தொடவே இல்லப்பா. வீட்டுல யார் இருக்காங்கன்னு பாத்து அதுவே மாத்திக்கும். அம்மா இருக்கறதா நினைச்சுக்குது. அம்மா எப்பவும் பதினாறுலதானே வைப்பாங்க? அவங்க போனதுமே பேரை எடுத்துடலாம்னு சொன்னேன்ல?"

"செத்துட்டா பேரையும் அழிச்சுடணுமா? நம்ம குடும்பத்துல அந்தப் பழக்கம் இல்ல."

"அப்ப ஸ்வெட்டர் போட்டுக்குங்க. மீட்டிங்ப்பா."

வைத்துவிட்டான். பெற்றவனிடம் பேசுகிற பேச்சா இது!

இருபத்து நான்குக்குத் திருப்பினார். அவர் முதுகைக் காட்டியதும் கிளிக் என்றது. பதினாறு. மறுபடி திருப்பினார். கிளிக். அவர் சொல்லை மீறி இந்த வீட்டில் ஒரு நாற்காலிகூட நகர்ந்ததில்லை.

குழந்தையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடலாம். ஒரு டப்பாவுக்குப் பயந்து கிழவன் ஓடிவந்தான் என்று தெருவே சிரிக்கும். வேண்டாம்.

உள்ளே பேரன் இருமினான். அடிவயிற்றிலிருந்து வந்த இருமல்.

பெரியவரின் விறைப்பு தளர்ந்தது. திரையைத் தொட்டார். வீட்டிலிருப்பவர் பட்டியலில் 'அம்மா – குழந்தை அறை' என்றிருந்தது. கீழே, 'நீக்கு'.

"கோவிச்சுக்காதே," என்றார், யாரும் கேட்டுவிடக் கூடாதென்று மெதுவாக. அழுத்தினார்.

பெயர் மறைந்தது. பதினேழு. பதினெட்டு. காற்றில் இளஞ்சூடு. இருமலும் நின்றுவிட்டது.

கிளிக்.

பதினாறு. பதினொன்று.

ஏழு.

திரையில் புதிதாக ஒரு வரி எழுந்தது.

'குழந்தை அறையில் புதியவர் இருக்கிறார். பெயர் சேர்க்கவும்.'

அப்படியானால் இத்தனை நாளும் அவள் பெயரில் இருந்தது யார்?

கதவைத் தள்ளினார்.

போர்த்தியிருந்த கம்பளி தரையில் கிடந்தது. நாலாக மடித்து. பேரன் விழித்திருந்தான். அழவில்லை. மேலே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாயிலிருந்து மூச்சு வெண்புகையாக எழுந்தது. சின்ன மூச்சு.

அதற்கு நேர் மேலே, முகத்தோடு முகம் உரசும் தூரத்தில், வெறும் காற்றிலிருந்து இன்னொரு வெண்புகை.

பெரியது.

சின்ன மூச்சு எழ எழ, அது உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது.