ஆராயியின் ரப்பர் செருப்பு

“எங்க வூட்டுக்காரரு செய்யாத தப்பை ஒத்துக்கிட்டாருங்க,” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் கடை வாசலிலேயே நின்றாள்.

செய்த தப்பை மறைக்கிறவர்களைப் பற்றிச் சொல்ல வந்தவர்கள் ஆதிமூலத்தின் டயர் ரிப்பேர்க் கடைக்கு இதற்கு முன்பும் வந்ததுண்டு. இப்படி ஒரு வழக்கு எழுபத்துமூன்றாம் வருஷத்துச் சித்திரையில்தான் முதல் தடவையாக வந்தது. ஆதிமூலம் சென்னையில் ஒரு டயர் கம்பெனியில் ரப்பர் கலவை போடும் பிரிவில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, மரக்காணத்துக்குத் திரும்பிக் கடை வைத்தவர். டியூபைக் கையில் வாங்கினால் ஓட்டையைத் தேடுவதற்கு முன்னால் ஆணி எந்தப் பக்கமிருந்து வந்தது என்று யோசிக்கிற ஆள். அதனாலேயே ஊரில் ஒரு பொருள் காணாமல் போனாலும் அவரிடம் வந்து கேட்பார்கள்.

அவர் மனைவி தையல்நாயகிக்கும் துப்பறிவதில் கொள்ளை ஆசை. நிதானம்தான் கிடையாது. வந்தவர் பாதி சொல்வதற்குள் குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்துவிடுவாள், பெரும்பாலும் தப்பான ஆளை.

“உள்ளே வாம்மா, வெயில்ல நிக்காதே,” என்று தையல்நாயகி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். “யாரு நீ? அவரு என்னா ஒத்துக்கிட்டாரு?”

அவள் பெயர் ஆராயி. காசிலிங்கம் முதலாளியின் உப்பளத்தில் உப்பு வாருகிறவள். அவள் கணவன் பக்கிரி அதே அளத்தில் பதினாலு வருஷமாகப் பம்புசெட் ஓட்டுகிறவன்.

“பம்புக்கும் இரும்புக் குழாய்க்கும் நடுவுல ஒரு ரப்பர் ஹோஸ் இருக்குதுங்க. புதுசு, மாட்டி இருபது நாள்தான் ஆச்சு. திங்கக்கிழமை காலையில இவரு பாத்தி மடை திறக்கப் போயிட்டுத் திரும்பி வந்து பாத்தா, ஹோஸ் ரெண்டா கிழிஞ்சு, தேக்கி வெச்சிருந்த கெட்டித்தண்ணி பாதிக்கு மேல கால்வாய்ல ஓடிப் போச்சு. ஒரு மாசமா வெயில்ல காஞ்சு உப்பு ஏறின தண்ணிங்க. ஹோஸ்ல ஒரு துண்டே காணோம். கத்தியால அறுத்து எவனோ எடுத்திருக்கான்னு மொதலாளி சொல்றாரு.”

“எவ்வளவு பெரிய துண்டு?” என்று ஆதிமூலம் கேட்டார்.

“ரெண்டு சாண் நீளம், நாலு விரல் அகலம்னு சொல்றாங்க.”

“பக்கிரி என்னா சொன்னான்?”

“காலையில கேட்டப்போ, என் தொழில் மேல சத்தியமா நான் இல்லைன்னாரு. மத்தியானம் வூட்டுக்குப் போயி கஞ்சி குடிச்சிட்டு வந்தாரு. வந்தவரு நேரா மொதலாளிகிட்ட போயி, நான்தான் அறுத்தேன்னு சொல்லிட்டாரு.” அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “அஞ்சு நாளா என் மூஞ்சைப் பாக்க மாட்றாரு. நாளைக்குக் காலையில ஸ்டேஷன்ல எழுதிக் கொடுக்கப் போறாராம் மொதலாளி. அவரு ஜெயிலுக்குப் போயிடுவாருங்க.”

“அடுத்த அளத்துக்காரன்தான் காசு கொடுத்து அறுக்கச் சொல்லியிருப்பான்,” என்றாள் தையல்நாயகி. “நான் எழுதியே தர்றேன்.”

ஆதிமூலம் ஆராயியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தின்ற பாதங்கள். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் ஆறாத புண்கள். அவற்றுக்குக் கீழே கெட்டியான கறுப்பு ரப்பரில் வெட்டிய புதுச் செருப்பு.

“இந்தச் செருப்பு எப்போ செஞ்சது?”

“நான்தாங்க செஞ்சேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் முடிச்சேன். இன்னும் அளத்துக்குப் போட்டுப் போகல. ரோடு சுடுதுன்னு இன்னிக்கித்தான் போட்டேன்.”

“பக்கிரிக்குத் தெரியுமா?”

“சொல்லலைங்க.” அவள் தலை குனிந்தாள். “பொங்கலுக்குப் பாண்டியிலேருந்து செருப்பு வாங்கித் தர்றேன்னாரு. முடியல. நானே செஞ்சுக்கிட்டேன்னா அவரு மனசு ஒடிஞ்சிடும். அடுப்புக்குப் பின்னால மறைச்சு வெச்சிருந்தேன்.”

ஆதிமூலம் சைக்கிளை எடுத்தார். “இதையே போட்டுக்கிட்டு வாம்மா. கழட்டாதே.”

தையல்நாயகி கேரியரில் ஏறிக்கொண்டாள். ஆராயி வரப்புக் குறுக்கு வழியில் நடந்து வந்தாள்.

அளத்தில் அன்று யாரும் வேலை செய்யவில்லை. பம்பு நின்று போனதால் பாத்திகளில் நீர் அசையாமல் கிடந்தது. அடியில் உப்பு வெள்ளையாகப் படியத் தொடங்கியிருந்தது. பம்பு கொட்டகை நிழலில் குந்தியிருந்தான் பக்கிரி. சவரம் செய்யாத முகம். காசிலிங்கம் தோள்துண்டால் கழுத்தைத் துடைத்தபடி எதிரே வந்தார். கோபத்தைவிட வருத்தமே அவர் முகத்தில் அதிகமாக இருந்தது.

“பாருங்க ஆதிமூலம், இவனை நம்பித்தான் பம்பு சாவியைக் கூட வாங்கி வெக்காம இவன்கிட்டயே விட்டிருந்தேன். ஹோஸைப் பாருங்க. நானே பாண்டியில பார்த்துப் பார்த்து எடுத்தது. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு.”

கிழிந்த ஹோஸை ஆதிமூலம் மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே துணி வைக்காத வெறும் ரப்பர். கிழிசலின் விளிம்பு நேராக, வழவழப்பாக இருந்தது.

“இதுதான் கத்தி பட்ட அடையாளம்,” என்றார் காசிலிங்கம். “தானா கிழிஞ்சா பிசிறு பிசிறா இல்ல வரும்? அப்புறம் அந்தத் துண்டு. ஹோஸ் வெடிச்சிருந்தா துண்டு பக்கத்துப் பாத்தியிலதான் விழுந்திருக்கணும். இந்தக் கெட்டித்தண்ணியில ரப்பர் முழுகாது. பொம்பளைங்க செருப்பு தவறி விழுந்தா மிதந்துக்கிட்டே இருக்கும், எல்லாருக்கும் தெரியும். நாலு பேரு பாத்தி முழுக்கத் தேடினாங்க, ஒண்ணும் மிதக்கல. அப்போ எவனோ எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னுதானே அர்த்தம்?”

“சரியான யோசனைதான்,” என்றார் ஆதிமூலம். ஹோஸின் ஒரு முனையை மடக்கினார். மடிப்பில் ஒரு வெள்ளைக் கோடு தோன்றியது. நகத்தால் கீறினார், நகக்கண்ணில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியது. அதைத் துடைத்துவிட்டுப் பக்கிரியிடம் போய்க் குந்தினார்.

“ஏம்பா, எதால அறுத்தே?”

பக்கிரி தரையைப் பார்த்தான். “அருவாமனையால.”

“துண்டு எங்கே?”

“கழுவெளித் தண்ணியில வீசிட்டேன்.”

தையல்நாயகி கணவரின் சட்டையை இழுத்தாள். “என்னாங்க இது? எந்த ஆம்பளை பம்புசெட்டுக்கு அருவாமனையைத் தூக்கிக்கிட்டுப் போவான்?”

“அதேதான் எனக்கும் தோணுது,” என்றார் ஆதிமூலம். தையல்நாயகிக்குப் பெருமை தாங்கவில்லை. கடை வைத்த ஐந்து வருஷத்தில் அவள் சொன்ன முதல் சரியான சொல் அதுதான்.

அந்த நேரத்தில் ஆராயி வரப்பில் வந்து சேர்ந்தாள். காசிலிங்கத்தின் கண் அவள் காலில் விழுந்தது. அவர் கண்ணாலேயே செருப்பை அளந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: “ரெண்டு சாண் நீளம், நாலு விரல் அகலம். ஒரு ஜோடி செருப்புக்குச் சரியா இருக்குது.”

பக்கிரி எழுந்து ஓடி வந்து மனைவிக்கு முன்னால் நின்றான். “அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான் அறுத்தேன், நான் செஞ்சு கொடுத்தேன். ஸ்டேஷனுக்கு இப்பவே வர்றேன்.”

“நீ எங்கேய்யா செஞ்சு கொடுத்தே?” என்றாள் ஆராயி. “இந்தச் செருப்பை நீ பாத்ததே இல்லையே.”

தையல்நாயகி கணவரை நெருங்கி நின்றாள். “வரும்போதே கழட்டச் சொல்லியிருக்கலாம்,” என்று முணுமுணுத்தாள்.

“கழட்டும்மா இப்போ,” என்றார் ஆதிமூலம். “ஒண்ணு போதும்.”

செருப்பை வாங்கிப் பம்புக்குப் பக்கத்துப் பாத்தியில் போட்டார். அது முங்கி, மறுபடி எழும்பி, வார் மேலாக மிதந்தது.

“நான்தான் சொன்னேனே, ரப்பர் மிதக்கும்னு,” என்றார் காசிலிங்கம்.

ஆதிமூலம் பேனாக்கத்தியால் ஹோஸின் முனையில் ஒரு சின்னத் துண்டை அறுத்து அதே பாத்தியில் போட்டார். துண்டு நேராக அடிக்குப் போய் உப்பின் மேல் உட்கார்ந்தது.

காசிலிங்கம் குனிந்து பார்த்தார். இன்னொரு துண்டை அவரே அறுத்துப் போட்டார். அதுவும் முழுகியது.

“ரெண்டும் ஒரே ரப்பர் இல்லைங்க,” என்றார் ஆதிமூலம். “செருப்பு டயர் ரப்பர். எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுது. ஆனா என் கண்ணை நீங்க எதுக்கு நம்பணும்? உங்க தண்ணியே சொல்லட்டும்னு இருந்தேன். ரப்பர் எங்கேம்மா கெடைச்சுது?”

“கூனிமேட்டுகிட்ட ரோட்டோரத்துல, பஸ் டயர்லேருந்து பிரிஞ்சு விழுந்த பட்டைங்க.”

“இப்போ அந்தத் துண்டைத் தேடுவோம். மேலே இல்லை, அடியில. உப்பு வாருற பலகையை எடுங்க.”

நான்கு ஆட்கள் பாத்திக்குள் இறங்கினார்கள். ஐந்து நாளாக வாராத உப்பு ஏடு கட்டியிருந்தது. கொட்டகையிலிருந்து ஏழெட்டு அடி தள்ளிப் பலகை எதிலோ தட்டியது. கைவிட்டு எடுத்தால், இரண்டு சாண் நீளத்தில் ஒரு பட்டை. மேலெல்லாம் உப்புக் கற்கள் பூத்திருந்தன. காசிலிங்கம் உப்பைத் தட்டிவிட்டு ஹோஸின் இடைவெளியில் பொருத்தினார். ஒரு நூல் இடமில்லாமல் பொருந்தியது.

“ஆனா விளிம்பு இவ்வளவு நேரா இருக்குதே?” என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

“அதுதான் உங்களை ஏமாத்திடுச்சு. நல்ல ரப்பர் கிழிஞ்சா நீங்க சொன்ன மாதிரி பிசிறு வரும். கிழிய விடாம இழுத்துப் பிடிக்கிறதோட தழும்பு அது. மட்டமான ரப்பருக்கு இழுத்துப் பிடிக்கச் சத்து இல்லை. ஒரு இடத்துல விட்டா கோடு போட்ட மாதிரி போயிடும்.” ஹோஸை மறுபடியும் மடக்கி வெள்ளைக் கோட்டைக் காட்டினார். “பழைய ரப்பரை அரைச்சு, வேக வெச்சு, புது ரப்பரோட சேர்க்கிறது உண்டு. அது தப்பில்லை. அளவாச் சேர்த்தா கலவை மெஷின்ல நல்லா இழையும், வெலையும் கொறையும். கரித்தூள் சேர்த்தா பலம் ஏறும், டயருக்கெல்லாம் அதுதான். ஆனா இதுல பாதிக்கு மேல பழைய ரப்பர், அதுக்கு மேல சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டியிருக்கான். சுண்ணாம்பு எடத்தை அடைக்கும், எடையைக் கூட்டும், பலம் தராது. கறுப்பாத் தெரிய மட்டும் கொஞ்சம் கரி.”

“பழைய மாவுல கொஞ்சம் புது மாவைக் கலந்து தோசை ஊத்துற மாதிரி,” என்றாள் தையல்நாயகி.

“கொஞ்சம் பழசுன்னா தோசை நல்லா வரும். மொத்தமும் பழசா இருந்து, அதுல சுண்ணாம்பையும் கொட்டினா?”

“கல்லைவிட்டு எடுக்கறப்பவே பிஞ்சிடும்.”

“அந்த எடைதான் முழுக வெச்சுது. சாதாரணத் தண்ணியில ரெண்டு ரப்பருமே முழுகும், வித்தியாசம் தெரியாது. உங்க கெட்டித்தண்ணி நல்லதைத் தூக்கிடுச்சு, கெட்டதை விட்டுடுச்சு.”

காசிலிங்கம் ஹோஸைக் கீழே போட்டார். “பளபளப்பைப் பாத்து வாங்கினது நான்.” பிறகு பக்கிரியைக் காட்டிக் கேட்டார்: “அப்போ இவன் எதுக்கு ஒத்துக்கிட்டான்?”

“காலையில இல்லைன்னவன் கஞ்சி குடிச்சிட்டு வந்து ஆமான்னான். வூட்ல ஏதோ ஒண்ணைப் பாத்திருக்கணும். அடுப்புக்குப் பின்னால, அருவாமனைகிட்ட, கறுப்பு ரப்பர் நறுக்கு. சரிதானே பக்கிரி?”

பக்கிரி ஆமென்று தலையை அசைத்தான்.

ஆராயி அவனை வெறித்துப் பார்த்தாள். “அஞ்சு நாளா என்னைத் திருடின்னு நெனச்சியா?”

“நெனச்சேன்,” என்றான் பக்கிரி. “உன் காலு புண்ணைப் பாத்துட்டுத் தெனமும் பம்புக்குப் போறவன் நான். வேற வழியில்லாம நீ செஞ்சிருப்பேன்னு நெனச்சேன். கேட்டா நீ அழுவே. உன்னைக் காட்டிக் கொடுக்கவும் மனசு வரல.”

அவள் கோபப்படுவாள் என்றுதான் தையல்நாயகி நினைத்தாள். ஆராயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் போய் நின்றாள். “முந்தாநேத்து நானும் ஒரு நாழி, நீதான் அறுத்திருப்பியோன்னு நெனச்சேன்யா. அதான் பொறுக்க முடியாம இவங்ககிட்ட ஓடினேன்.”

காசிலிங்கம் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “பதினாலு வருஷம் பாத்தவனை ஒரு விளிம்பைப் பாத்துச் சந்தேகப்பட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதே பக்கிரி. நாளைக்குப் பாண்டிக்கு நீயே வா, ஹோஸை நீ பாத்து எடு.” ஆராயியின் காலைப் பார்த்தார். “செருப்பும் எடுக்கலாம்.”

“செருப்பு வேணாங்க,” என்றாள் ஆராயி. “இது போதும்.”

சைக்கிள் வரப்பு முனையைத் தாண்டும்போது தையல்நாயகி கேட்டாள்: “என்னாங்க, நான் திருடினேன்னு தோணிச்சுன்னா நீங்க ஒத்துக்குவீங்களா?”

“முதல்ல நீ முழுகுறியான்னு பாத்தியில போட்டுப் பாப்பேன்.”

அவள் அவர் முதுகில் ஒரு குத்து விட்டாள். பிறகு திரும்பிப் பார்த்தாள். பக்கிரி பாத்திக்குள் இறங்கி மிதந்துகொண்டிருந்த செருப்பை எடுத்துக்கொண்டிருந்தான். வரப்பில் ஏறியவன், குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரைச் சாய்த்து, புண்ணில் உப்புப் படாதபடி அந்தச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். கழுவியதை அத்தனை பேர் பார்க்க ஆராயியின் காலுக்கு முன்னால் வைத்தான்.

“மெதுவாப் போங்க,” என்றாள் தையல்நாயகி. “அவ போட்டுக்கிறதைப் பாத்துட்டுப் போகலாம்.”

ஆதிமூலம் சைக்கிளை நிறுத்தினார்.