முன்னோர் கல்

லோத்ரோ முண்டா கல் குவாரியிலிருந்து வீடு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. செத்து எரிக்கப்பட்ட அண்ணனின் ஆவியை, அதன் நிழலை, வீட்டுக்குள் அழைக்கும் சாயங்காலம் அது. அண்ணி ஜௌனி தரையெல்லாம் சாம்பல் சலித்துப் பரப்பியிருந்தாள். நிழல் வந்தால் தடம் விழும்.

"கை கால் கழுவு. ஒடம்பெல்லாம் கல்லுமாவு."

கழுவினான். மாவு போகவில்லை.

ஜௌனியின் தம்பி துலு வாசலில் அரிசிக்கள்ளை வைத்தான். "இந்த வாசத்துக்கே மாமா ஓடியாருவாரு பாருங்க. நாலு விரல் தடம் விழுந்தா அவருதான். கால் சுண்டுவிரலத்தான் கோடாலிக்குக் குடுத்துட்டாரே!"

ஜௌனிகூடச் சிரித்துவிட்டாள்.

"நாளைக்கு சர்வேயர் வர்றாரு," என்றாள். "முன்னோர் கல்லக் காட்டிட்டா காடு நம்மளுதுதான். அதுக்குத்தானே அந்த மனுசன் கோர்ட்டு கோர்ட்டா அலஞ்சாரு. அவரு எலும்பையும் அது அடியிலதான் வைக்கணும்."

லோத்ரோ காலில் ஒட்டியிருந்த கல்மாவை மறுபடி தேய்த்தான். அந்தக் கல்லை அன்று மத்தியானம்தான் அவன் உடைத்திருந்தான். உடைத்தால் லாரி ஓட்டும் வேலை தருகிறேன் என்று குவாரி மேஸ்திரி ஆசை காட்டியிருந்தான். சம்மட்டி விழுந்தபோது உள்ளேயிருந்து யாரோ பெருமூச்சு விட்டது போலிருந்தது.

விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினார்கள். துலு நிழலை அழைக்கச் சுடுகாட்டுப் பக்கம் போனான். நிழலை அழைத்துவர அவன் இரும்பில் இரும்பைத் தட்டும் சத்தம் மெல்ல நெருங்கி வந்தது.

சட்டென்று ஈரமண் வாடை.

கதவு தட்டப்பட்டது.

"என்ன கொண்டாந்தே?" ஜௌனி இருட்டில் கேட்டாள். "சொகமா, துக்கமா?"

நிழலை அழைத்து வருபவன் சுகம் என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கம் அது.

"துக்கம்."

ஒரு குரல் அல்ல. பல குரல்கள்.

கதவு தானே திறந்தது. வெளியே, வேலிக்கு அப்பால் இன்னும் இரும்பைத் தட்டிக்கொண்டே வந்த துலு கத்தினான்: "நான் வர்றதுக்குள்ள யாரு தொறந்தது?"

விளக்கேற்றினார்கள்.

சாம்பல் முழுக்கத் தடங்கள். பெரியவை, சிறியவை, குழந்தைகளுடையவை. ஒவ்வொன்றிலும் வெள்ளைக் கல்தூள். நாலு விரல் தடம் மட்டும் இல்லை.

"இவங்கல்லாம் கல்லுக்கு அடியில இருக்க வேண்டியவங்களாச்சே…" ஜௌனி முணுமுணுத்தாள்.

தடங்கள் எல்லாம் லோத்ரோவின் காலடியில் போய் நின்றிருந்தன.

அவள் அவன் கால்களைப் பார்த்தாள். கல்மாவைப் பார்த்தாள். திட்டவில்லை.

"அவர எங்க கொண்டுபோய் வைப்பேன், லோத்ரோ?"

மறுநாள் சர்வேயர் வெறும் பள்ளத்தைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். லோத்ரோவுக்கு அந்த வீட்டுக்குள் நுழைய முகமில்லை. முற்றத்திலேயே படுத்தான்.

விடிந்து கண் விழித்தபோது, பாயின் தலைமாட்டில் ஒரே ஒரு தடம் இருந்தது. வெள்ளையாய்.

நாலு விரல்.

பெருக்கித் தள்ளினான். கை கழுவித் திரும்புவதற்குள் மறுபடியும் அங்கேயே இருந்தது.